கட்டத்தில் இல்லாதது

சித்திரையும் மிருகசீரிடமும் சேராது. பஞ்சாங்கத்துப் பொருத்த அட்டவணையைப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது தெரியும். அவிட்டத்தையும் சேர்த்து இந்த மூன்றும் சிரசு ரஜ்ஜு. பெண்ணின் நட்சத்திரமும் பிள்ளையின் நட்சத்திரமும் இரண்டுமே சிரசில் விழுந்தால் தாலிக்கு ஆகாது என்பது சாத்திரம். மற்ற ஒன்பது பொருத்தமும் கூடிவந்தாலும் இது ஒன்று தட்டினால் சாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

இந்த ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், புதுக்கோட்டை கீழ ராஜ வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் என் அறைக்கு ஒரு பெண் தனியாக வந்தாள். இருபத்தேழு வயது இருக்கும். செவ்வாயன்று பொருத்தம் பார்க்க எவரும் வருவதில்லை. கையில் இரண்டு சாதகங்கள். ஒன்று மஞ்சள் ஏறிய பழைய நோட்டின் ஜெராக்ஸ். இன்னொன்று கம்ப்யூட்டரில் எடுத்தது.

“ரெண்டுக்கும் பாக்கணும்யா.”

“வீட்டுப் பெரியவங்க யாரும் வரலையாம்மா?”

“நான்தான் வந்திருக்கேன்.”

வாங்கிப் பார்த்தேன். பெண்ணுக்கு மிருகசீரிடம் மூன்றாம் பாதம், மிதுன ராசி. பையனுக்குச் சித்திரை நான்காம் பாதம், துலாம். பேனாவைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. பழைய நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்த குலதெய்வத்தின் பெயரையும் மற்றதில் இருந்த ஊரின் பெயரையும் படித்தபோது, இந்தப் பெண் ஏன் செவ்வாய்க்கிழமை வந்தாள் என்பதும் விளங்கிவிட்டது. இந்த மாவட்டத்தில் பிறந்தவனுக்குச் சாதி தெரிந்துகொள்ள இந்த இரண்டு பெயர்களே போதும்.

அவளுக்கு நான் சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன். என் தொழிலின் நடுவில் இருக்கும் கேள்வி அது. எனக்கு வயது அறுபத்தெட்டு, பேனா பிடித்து நாற்பத்தாறு வருடம். இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட இனி எனக்கு அதிக நாள் இல்லை.

நாங்கள் வள்ளுவர் குடி. நாள் பார்ப்பதும் சாதகம் கணிப்பதும் எங்களுக்கு ஊர் வகுத்த வேலை. என் தாத்தா பெரிய வீடுகளுக்குப் போனால் திண்ணைக்குக் கீழே வாசல் மண்ணில் உட்கார்ந்து கணித்தார். அவர் குறித்த நேரத்தில்தான் தாலி ஏறும். அந்தப் பந்தலுக்குள் அவர் நுழைய முடியாது. சோறு பின்வாசலில் இலையில் வரும். என் அப்பா திண்ணை வரை ஏறினார். நான் டவுனில் அறை பிடித்து மேசை நாற்காலி போட்டேன். தாத்தாவை மண்ணில் உட்கார வைத்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்று எனக்கு எதிரே உட்காருகிறார்கள். சின்ன வயதில் ஒரு நாள் எங்கள் மூன்று பேரின் சாதகத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். மூவருக்கும் நான்காமிடம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது. மண்ணுக்கும் திண்ணைக்கும் நாற்காலிக்கும் கட்டத்தில் எந்தக் கிரகமும் காரணமாக இல்லை.

1989ஆம் வருடம் தை மாதம் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நிலபுலம் உள்ளவர், ஊரில் சொல் செல்லும் மனிதர். அவர் மகள் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அடித்தும் பட்டினி போட்டும் பார்த்தாயிற்று, பெண் மசியவில்லை. “சோசியரே, நீங்க சொன்னா கேப்பா. பொருந்தலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க” என்றார். சாதகங்களைப் பார்த்தேன். எட்டுப் பொருத்தம் இருந்தது. ரஜ்ஜு தட்டவில்லை, வேதை இல்லை. அந்தக் காலத்தில் அது நல்ல சேர்க்கை. நான் பயந்தேன். அவர் ஊரைத் தாண்டித்தான் என் வீட்டுக்குப் போக வேண்டும். என் பிள்ளைகள் சின்னவர்கள்.

ரஜ்ஜு என்று பொய் சொன்னால் யாரும் அட்டவணையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் தசா சந்தி என்று சொன்னேன். அதைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கக் கூடியவர்கள் குறைவு. “ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல தசை மாறுதும்மா. அந்தப் பையன் உயிருக்கு ஆகாது” என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அடிக்கும் பட்டினிக்கும் மசியாதவள் அந்த ஒரு வார்த்தையில் உடைந்தாள். “அவரு நல்லா இருக்கட்டும்யா” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த முகூர்த்தத்திலேயே வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அந்த நாளையும் நான்தான் குறித்தேன். அவள் அவனை விட்டது விதிக்குப் பயந்து அல்ல. அவன் மேல் இருந்த அன்பினால்தான் விட்டாள். அந்த அன்பையே அவள் கழுத்துக்குக் கயிறாக்கியது நான். முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாகிவிட்டது. திருக்கோகர்ணம் கோயில் பிரகாரத்தில் பிரகதாம்பாளின் முன் நிற்கும்போதெல்லாம் அவள் சொன்ன அந்த மூன்று சொற்கள்தான் எனக்கு முதலில் கேட்கின்றன.

அதற்குப் பிறகுதான் விதி என்ற சொல்லை நான் யோசிக்க ஆரம்பித்தேன். நாள்தோறும் பத்துத் தடவை வாயில் வருகிற சொல். அதற்கு முன் ஒரு தடவைகூட அதைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

எங்கள் குலத்துப் பெயரைத் தாங்கியவர் என்று நாங்கள் உரிமை கொண்டாடும் வள்ளுவர், அறத்துப்பாலை முடிக்கும் 38ஆம் அதிகாரத்தை ஊழுக்குக் கொடுத்தார். ஊழைவிடப் பெரிய வலிமை வேறு இல்லை என்று அங்கே தீர்மானமாகச் சொல்கிறார். அதே மனிதர் 62ஆம் அதிகாரத்தில், சோராமல் முயல்கிறவனிடம் ஊழும் முதுகு காட்டும் என்கிறார். பள்ளிக்கூடத்து வாத்தியார் இரண்டையும் மனப்பாடம் செய்யச் சொன்னாரே தவிர இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்று சொல்லவில்லை. சைவ சித்தாந்தப் பெரியவர் ஒருவர் எனக்கு விளக்கினார். வினை மூன்று. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இந்தப் பிறவிக்கென்று எடுத்து வந்தது பிராரத்தம். இப்போது நாம் செய்து சேர்ப்பது ஆகாமியம். “உங்க கட்டத்துல தெரியறது பிராரத்தம் மட்டும்தான். ஆகாமியத்துக்கு ஏது கட்டம்?” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பார்க்கும் பன்னிரண்டு வீடுகளில் மனிதன் நாளைக்குச் செய்யப்போவதற்கு ஒரு வீடு இல்லை.

சோதிடன் என்ற முறையில் எனக்கு மிகவும் நெருக்கமான கதை சாவித்திரியுடையது. காரடையான் நோன்பு நோற்கிற பெண்களும் அதைக் கணவன் ஆயுளுக்கான கதையாகத்தான் வைத்திருக்கிறார்கள். நான் அதில் பார்ப்பது நாரதரை. இன்றிலிருந்து ஒரு வருடத்தில் சத்தியவான் சாவான் என்று அவர் நாள் குறித்துச் சொல்லிவிட்டார். அப்பன் அசுவபதி வேறு பிள்ளை பார் என்கிறான். அவள் நாரதரைப் பொய்யர் என்று சொல்லவில்லை, பரிகாரம் கேட்கவில்லை. ஒருமுறை தேர்ந்துவிட்டேன், அவ்வளவுதான் என்றாள். நாரதர் குறித்த நாளில் சத்தியவான் செத்தும் போனான். கணிப்பு பொய்க்கவில்லை. அதற்குப் பிறகு யமன் பின்னால் நடந்தாளே, அந்த நடை எந்தக் கணிப்பிலும் இல்லை. சாவைச் சொல்ல நாரதரால் முடிந்தது. அவள் நடப்பாள் என்று சொல்ல அவராலும் முடியவில்லை.

என் பேத்தி திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் போனில் கொரியப் படக்கதை ஒன்றை விடாமல் வாசிப்பாள். ஒருநாள் என்னவென்று கேட்டேன். ஒரு பெண், தான் படித்த நாவலுக்குள்ளேயே போய்ப் பிறந்துவிடுகிறாளாம். பிறந்த வேஷம் வில்லி வேஷம். கடைசி அத்தியாயத்தில் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்பது அவளுக்கு முதல் நாளிலேயே தெரியும். கதை யாரை வெறுக்கச் சொல்கிறதோ அவனிடமே அவள் அன்பு வைக்கிறாள், கதை தடம் மாறுகிறது. “இது மாதிரி நூறு கதை இருக்கு தாத்தா, எல்லாத்துலயும் இதேதான்” என்றாள். கொரியாவில் உட்கார்ந்துகொண்டு யாரோ சாவித்திரியை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. தன் சாதகத்தைத் தானே படித்துவிட்ட பெண்ணின் கதை அது. உலகத்தில் எங்கே பிறந்தாலும் இளையவர்களுக்கு இந்தக் கதை தேவைப்படுகிறது. அவர்களுக்கு வயது வரும்போது, வாழ வேண்டிய வாழ்க்கையை வேறு யாரோ முன்னமே எழுதி வைத்திருக்கிறார்கள்.

எழுதியது யார் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் பக்கத்தில் திருவிழா என்றால் வள்ளி திருமணம் நாடகம் வைப்பார்கள். புதுக்கோட்டையில் நாடகக்காரர்கள் அதிகம், பங்குனி சித்திரையில் அவர்களுக்கு உறக்கம் கிடையாது. சின்ன வயதிலிருந்து எத்தனை வள்ளி திருமணம் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. தினைப்புனம் காக்கும் குறவர் வீட்டுப் பெண்ணைத் தேடி முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக இருமுகிறான். தேவனுக்குரிய வேஷத்தைத் தானே கழற்றிப்போட்டுவிட்டு வருகிறான். விடியற்காலை நான்கு மணிக்கு வள்ளி அவனுடன் போகும்போது முன்வரிசைப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கைதட்டுவார்கள், ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவார்கள். அந்தப் பெரியவர்களில் பலரின் வீட்டுச் சாதகங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. மேடையில் அவர்கள் கொண்டாடியதை வீட்டில் செய்த பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் கைதட்டியது பொய்யில்லை. அந்த நேரத்தில் அவர்கள் கண் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணீர் வீடு வரை வரவில்லையே என்பதுதான் என் துக்கம்.

அறந்தாங்கியிலிருந்து பஸ் பிடித்தால் ஆவுடையார்கோயில். அதுதான் திருப்பெருந்துறை. மாணிக்கவாசகரை நான் பக்தராக மட்டும் பார்த்தவன் இல்லை, அவரவர் வேஷத்தைப் பற்றிய என் கேள்விக்கு அவர்தான் முதல் சாட்சி. திருவாதவூரில் பிறந்து பாண்டியனுக்கு மந்திரியானவர், தென்னவன் பிரமராயன் என்று பட்டம் வாங்கியவர். அரசன் பொன்னைக் கொடுத்துக் குதிரை வாங்கிவர அனுப்பினான். பெருந்துறையில் குருந்த மரத்தடியில் ஒருவரைப் பார்த்தார், அத்தோடு மந்திரி முடிந்தார். குதிரைப் பொன் கோயிலாயிற்று. பிறகு நரி பரியானது, பரி மறுபடி நரியாகி லாயத்தில் இருந்த குதிரைகளைக் கடித்தது, வாதவூரரைச் சுடுமணலில் நிறுத்தினார்கள், வைகை பெருகியது என்று திருவிளையாடல் போகிறது.

பக்தியோடு படிப்பவர்கள் தாண்டிப் போகும் இடத்தில் நான் நிற்கிறேன். அந்தப் பொன் அவருடையது இல்லை. ஊர் வரிப்பணம். காதலோ பக்தியோ, ஒருவர் தன் வேலையை விட்டு எழுந்து போனால் அந்த வேலை சும்மா கிடப்பதில்லை, வேறு யார் தலையிலோ விழுகிறது. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆள் வரச் சொன்னபோது பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு ஆளில்லை. மந்திரியின் அன்புக்கான விலை கடைசியில் ஒரு கிழவியின் வாசலில் போய் நின்றது. அதனால்தான் கடவுளே மண் சுமக்க வந்தார் என்று நான் புரிந்துகொள்கிறேன். அவர் முதுகில் விழுந்த பிரம்படி அரசன் முதுகிலும் ஊரார் முதுகிலும் விழுந்ததாம். யாரோ ஒருவர் வேஷத்தை மீறும்போது அடி எல்லோருக்கும் கொஞ்சம் படத்தான் செய்யும். அந்தக் கதை அதை மறைக்கவில்லை.

ஆவுடையார்கோயிலுக்குள் போனவர்களுக்குத் தெரியும், அங்கே நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. கருவறையில் ஆவுடை இருக்கிறது, மேலே லிங்கம் இல்லை. அம்மன் யோகாம்பாளுக்குப் பாதம் மட்டும். புழுங்கலரிசிச் சோற்றை வடித்துக் கொட்டி, கீரையும் பாகற்காயுமாக வைத்து, எழும் ஆவியைத்தான் சாமிக்குக் காட்டுகிறார்கள். மற்ற சிவன் கோயில்களில் எதெது இருந்தே தீர வேண்டுமோ அதெல்லாம் அங்கே இல்லை. சுவாமி தனக்குரிய வேஷத்தைக்கூட அணியாமல் இருக்கும் சந்நிதி. அந்தச் சோற்றின் ஆவிக்கு முன்னால் நின்று 1989ஐ நான் பல தடவை சொல்லி அழுதிருக்கிறேன்.

மாணிக்கவாசகர் எழுதியதாகவே சைவர்கள் கொள்ளும் திருக்கோவையார் நானூறு பாட்டும் காதல் துறை. அதன் முதல் அதிகாரத்திலேயே, பெண்ணைக் கண்டு தெளிந்தவன் அவளைக் கொண்டுவந்து சேர்த்த தெய்வத்தை நினைத்து மகிழ்வதற்கு ஒரு துறை உண்டு. இது அவர் புதிதாகக் கண்டதில்லை. தொல்காப்பியர் களவியலில், ஒருவனும் ஒருத்தியும் எதிர்ப்படுவதே பால் என்னும் ஊழின் ஆணையால் என்கிறார். இதைப் படித்த நாளில் எனக்குக் கை நடுங்கியது. நான் அதுவரை என்ன நினைத்திருந்தேன்? விதி ஒரு பக்கம், அதை மீறும் காதல் எதிர்ப்பக்கம் என்று நினைத்திருந்தேன். என்னிடம் வந்த பெற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நம்முடைய மிகப் பழைய இலக்கண நூலோ, காதல்தான் விதியின் ஆணை என்கிறது. அப்படியானால் 1989இல் விதியை மீறியது அந்தப் பெண் இல்லை. அவள் அப்பாவும் நானும்தான் மீறினோம்.

இன்னொன்றும் அந்த இலக்கணத்தில் இருக்கிறது. தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கும், செவிலி தாய்க்கும் எடுத்துச் சொல்வதற்கு அவர்கள் வைத்த பெயர் அறத்தொடு நிற்றல். ஒளித்திருந்த காதலை வீட்டாரிடம் சொல்வதற்கு ‘காட்டிக்கொடுத்தல்’ என்றோ ‘துணிதல்’ என்றோ பெயர் வைத்திருக்கலாம். அறம் என்று வைத்தார்கள்.

வாதவூரர் கதையைப் புராணம் என்று தள்ளுகிறவர்களுக்கு எங்கள் ஊரிலேயே நேற்று நடந்த ஒன்றைச் சொல்வேன். புதுக்கோட்டை அரசர்கள் பிரகதாம்பாள் தாசர்கள். நவராத்திரியில் அரிசியோடு கொடுப்பதற்கென்று அடித்த அம்மன் காசு இன்றும் பல வீட்டு பூசை அறையில் இருக்கிறது, என் அப்பாயியின் சுருக்குப் பையிலிருந்தது என்னிடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் ‘விஜய’ என்ற எழுத்து. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1886இல், பதினோரு வயதுகூட நிறையாத பிள்ளையாக, தாத்தாவுக்குத் தத்துப் பிள்ளையாகி அரசரானார். என்ன உடுத்துவது, எந்த நாளில் எந்தச் சந்நிதியில் நிற்பது, யாருக்குத் தலைவணங்குவது எல்லாம் அவருக்காக எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கம் அம்மனின் தாசன், மறுபக்கம் வெள்ளைக்காரனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன்.

1915 ஆகஸ்டில் அவர் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்தார். அவளுடன் ஊருக்கு வந்தார். பிரிட்டிஷ் அரசு அவளை ராணியாக ஏற்கவில்லை. இங்கே சில மாதங்கள்தான் இருக்க முடிந்தது. கர்ப்பமாக இருந்தபோது அவளுக்கு நோய் கண்டது, அரளி விஷம் வைத்தார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. மறுபடி கடல் தாண்டினார்கள். 1916இல் பிறந்த மகனுக்கு அரசுரிமை கிடையாது என்றாகிவிட்டது. மனைவியா சிம்மாசனமா என்று வந்தபோது அவர் மனைவியோடு பிரான்சில் தங்கினார். 1928 மே மாதம் பாரிசில் இறந்தார். திருக்கோகர்ணத்து அம்மனின் தாசனுக்கு லண்டனில், கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் தகனம் நடந்தது. அரசிருக்கையில் ராஜகோபாலத் தொண்டைமானை உட்கார வைத்தார்கள். அப்போது அந்தப் பிள்ளைக்கு வயது ஆறு.

ஊரை அனாதையாக்கிவிட்டுப் போனார் என்று என் தாத்தா வருத்தப்படுவார். பெரிய காதலர் என்று இன்றைய பிள்ளைகள் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன். பெரியவர் ஒருவர் கழற்றிவைத்த வேஷத்தை ஆறு வயதுக் குழந்தைக்குப் போட்டுவிட்டார்களே, அந்தப் பாரம் எனக்கு உறுத்துகிறது. ஆனால் அந்தப் பாரத்தை ஏற்றியது மோலியின் மேல் அவர் வைத்த அன்பு இல்லை. ஆஸ்திரேலியாக்காரி வயிற்றில் பிறந்தவன் அரசனாகக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அதைக் கிரகம் எழுதவில்லை, அதிகாரிகள் எழுதினார்கள், அதில் கையெழுத்துகள்கூட இருக்கும்.

இதே ஊரில், இதே காலத்தில், சத்தமில்லாமல் இன்னொரு மீறல் நடந்தது. அரசரின் கதையைவிட எனக்கு அது பெரியது. மகாராஜா கல்லூரி முதல்வர் நாராயணசாமி ஐயர், தேவதாசி மரபில் பிறந்த சந்திரம்மாளை மணந்தார். அவரைச் சொந்த பந்தம் ஒதுக்கியது. சந்திரம்மாளுக்கு எழுதி வைத்திருந்த வேஷம் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. பொட்டுக் கட்டுவதற்குப் பெயரே கடவுளுக்குக் கல்யாணம். கடவுளின் கையெழுத்தைப் போட்டு மனிதர்கள் எழுதிய விதிகளில் அதைவிடக் கொடுமையானது எனக்குத் தெரிந்து இல்லை. 1886 சூலையில் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். முத்துலட்சுமி. பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரிக்குள் அவள் நுழையக்கூடாது என்று எதிர்ப்பு வந்தபோது, அதையெல்லாம் தள்ளிவிட்டு அனுமதி கொடுத்தவர் இதே மார்த்தாண்ட பைரவர். தன் காதலுக்கு வெகு காலம் முன்பே அவர் இன்னொருத்தியின் கட்டத்தை உடைத்திருக்கிறார். 1912இல் அவள் சென்னை மருத்துவக் கல்லூரியை முடித்தாள். 1914இல் சுந்தர ரெட்டியை மணக்கும்போது, சமமாக நடத்த வேண்டும் என்று சொல்லித்தான் சம்மதித்தாள். சட்டசபைக்குள் போய்ப் பொட்டுக் கட்டுவதற்கு எதிராகப் போராடினாள். 1947இல் அது சட்டமானது. 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினாள்.

என் மருமகளுக்குப் பிரசவம் ஆனபோது ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பணத்துக்குப் படிவம் நிரப்பினார். அந்தப் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்திரம்மாளின் சாதகத்தை அன்று யாராவது என் தாத்தா மாதிரி ஒருவரிடம் கொண்டுவந்து, இந்த ஐயரோடு பொருந்துமா என்று கேட்டிருந்தால்? தாத்தா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் தெரியும்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். 1989இல் பொருத்தம் இருந்தது, இல்லை என்று பொய் சொன்னேன். அதைக் கழுவ இந்தத் தடவை தெய்வம் எனக்குச் சுலபமான கணக்கைக் கொடுக்கவில்லை. இந்த முறை உண்மையாகவே பொருத்தம் இல்லை. ஒரு பொய் சொல்லி இவர்களைச் சேர்த்துவைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

“அம்மா, புத்தகத்துப்படி ரஜ்ஜு தட்டுது. சிரசு. இதை நான் மறைச்சுச் சொல்ல மாட்டேன்” என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. “தெரியும்யா. போன்லயே போட்டுப் பாத்துட்டேன்.”

“பின்ன எதுக்கும்மா வந்தீங்க?”

“தெரிஞ்சதை ஒரு பெரியவங்க வாயால கேட்டுட்டு, அப்புறமும் எனக்கு இதே மனசு இருக்குதான்னு பாக்கணும்னு வந்தேன்.”

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. “இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கு. நாள் குறிச்சுக் குடுங்க.”

குறித்தேன். ஆவணியில் ஒரு வளர்பிறை முகூர்த்தம். தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, இரண்டு பெயரையும் முழுதாக எழுதினேன். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவிடம் சொல்லத்தான் ஆளில்லை என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை திருமயம் பஸ்ஸில் ஏறி வழியில் இறங்கி அவர்கள் ஊருக்குப் போனேன். ஆடி வெயில். அவள் அப்பா திண்ணையில் இருந்தார். என்னை யாரென்று தெரிந்துகொண்டதும், “சொல்லுங்க சோசியரே” என்றார். நான் வாசலில் நின்றபடியே சொன்னேன். ரஜ்ஜு தட்டுவதைச் சொன்னேன், நாள் குறித்தது நான்தான் என்பதையும் சொன்னேன். “ஆகாதுன்னு சொல்ற வாயாலயே நாளும் குறிச்சீங்களா?” என்று எழுந்துவிட்டார். அதற்குப் பதிலாக அவரிடம் 1989ஐச் சொன்னேன். எட்டுப் பொருத்தத்தைச் சொன்னேன். என் பயத்தைச் சொன்னேன். அவரு நல்லா இருக்கட்டும்யா என்று அந்தப் பெண் சொன்னதையும் சொன்னேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. தெருவைப் பார்த்தபடி நின்றார். உள்ளே கதவோரம் வளையல் சத்தம் கேட்டது. பிறகு அவர் உள்ளே திரும்பி, “ஒரு சேர் எடுத்துட்டு வாங்க” என்றார்.